வாசகர் கேள்வி பதில்: ஏரி வத்துறதுக்கு முன்னாடியே ரூல் வேணும்

இந்த தடவ வந்த லெட்டர்லயும் மெயில்லயும் பாதிக்கு மேல தண்ணி பத்திதான். ஏரி மட்டம் குறையுறப்போ யாரு என்ன செய்யணும், அதுக்கு சட்டம் விதின்னு ஒண்ணு இருக்கா, இல்ல அந்தந்த நேரத்துக்கு தோணுறத செய்றாங்களான்னு பல பேர் கேட்டிருக்கீங்க. அதனால இந்த இதழ் பதில் முழுக்க தண்ணிக்கே.

கேள்வி (வாசகி, பெரம்பூர்): 2019 கோடைல எங்க தெருவுல குழாய் தண்ணி நின்னு போச்சு, மாசக்கணக்குல லாரிதான், குடத்த தூக்கிட்டு ஓடினோம். ஏரில இவ்ளோ குறைஞ்சா சப்ளைய இவ்ளோ குறைக்கணும்னு சட்டத்துல ஏதாவது அளவு இருக்கா?

பதில்: இல்லம்மா. சென்னை குடிநீர் வாரியம் 1978ல போட்ட தனிச் சட்டத்தால வந்தது. கனெக்‌ஷன் குடுக்குறது, கட்டணம் வாங்குறது, தப்பு பண்ணா துண்டிக்கிறது, இதுக்கெல்லாம் அதுல அதிகாரம் இருக்கு. ஆனா ஏரிங்கள்ல இருப்பு இத்தன மில்லியன் கன அடிக்கு இறங்குனா சப்ளைய இத்தன சதவீதம் குறைன்னு ஒரு கோடு அதுல கிடையாது, அது அப்பப்போ வாரியமும் அரசும் உக்காந்து எடுக்குற முடிவு.

என்னோட வருத்தமே இதுலதான். கணக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல பாருங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் ரொம்பினா 11,257 மில்லியன் கன அடி, அதாவது 11 டிஎம்சிக்கு கொஞ்சம் மேல. ஒரு டிஎம்சின்னா ஆயிரம் மில்லியன் கன அடி, லிட்டர் கணக்குல 2,831 கோடி. 2019 தட்டுப்பாட்டுக்கு முன்னாடி வாரியம் தினம் குடுத்துட்டு இருந்தது 83 கோடி லிட்டர், வேற எங்க இருந்தும் தண்ணி வரலன்னு வச்சுக்கிட்டா ஒரு டிஎம்சி 34 நாளைக்கு வரும். 2018 வடகிழக்கு பருவமழை சென்னைல வழக்கமா பெய்யுறதுல பாதி கூட பெய்யல. அடுத்த பெரிய மழை அக்டோபர்லதான்னு ஊருக்கே தெரியும். அப்ப 2019 ஜனவரி 1ஆம் தேதியே ஒரு பேப்பர்ல எழுதி, இருப்பு இவ்ளோ, நாள் இவ்ளோ, பிப்ரவரில இருந்து இவ்ளோ குறைக்கிறோம், ஏப்ரல்ல இவ்ளோ, யாரும் பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கலாம். நடந்தது என்னன்னா சப்ளை குறைஞ்சு குறைஞ்சு ஜூன்ல 52.5 கோடி லிட்டருக்கு வந்து நின்னப்போ நாலு ஏரியும் கிட்டத்தட்ட தரை தட்டியாச்சு, அடில கிடந்த தண்ணிய மோட்டார் வச்சு எடுத்தாங்க, சிக்கராயபுரம் கல்குவாரி தண்ணி வந்துச்சு, நெய்வேலி சுரங்கத் தண்ணி வந்துச்சு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டைல இருந்து ரயில் வந்துச்சு.

அந்த ரயில எல்லாரும் படம் பிடிச்சு போட்டாங்க. 50 வேகன், வேகனுக்கு 50 ஆயிரம் லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். ஆனா குறைஞ்சது தினம் 30 கோடி லிட்டருக்கு மேலம்மா, ஒரு ரயில் அதுல நூத்துல ஒரு பங்கு கூட ஈடு கட்டாது. ரயில் ஓட்டுனவங்க உழைப்ப நான் குறை சொல்லல, அவ்ளோ தூரத்துல இருந்து தண்ணி கொண்டு வர்றது பெரிய வேலை. ஆனா ஜனவரிலயே கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் பிடிச்சிருந்தா கிடைச்சிருக்கக்கூடிய தண்ணி அதவிட ரொம்ப பெருசு.

கேள்வி (வாசகர், கொடுங்கையூர்): எங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கேட்டா எனக்கு அதிகாரம் இல்லங்கிறார். நிஜமா, தட்டிக் கழிக்கிறாரா?

பதில்: பாதி நிஜம். 1978க்கு முன்னாடி சென்னைல குடிநீர் மாநகராட்சி கையில இருந்துச்சு, அப்புறம் வாரியத்துக்கு போயிடுச்சு. ஏரி, மதகு, கால்வாய் எல்லாம் நீர்வளத்துறை, குழாய் வாரியம், மழைநீர் சேகரிப்பு சரியா இருக்கான்னு பாக்குறது மாநகராட்சி. இப்படி மூணா பிரிஞ்சு கிடக்குறதால ஒருத்தர் இன்னொருத்தர கை காட்டுறாங்க. நீங்க உங்க ஏரியா டெப்போ, அதாவது வாரியத்தோட உள்ளூர் ஆபீஸ், இன்ஜினியர்கிட்ட எழுதி குடுத்து ரசீது வாங்குங்க, அதோட ஒரு காப்பிய கவுன்சிலருக்கும் குடுங்க. மன்றக் கூட்டத்துல அதப் பத்தி பேசுற உரிமை அவருக்கு நிச்சயம் இருக்கு, அதுக்கு தனி அதிகாரம் எதுவும் தேவையில்ல.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): கேப் டவுன்ல தண்ணி தீர்ற நாளயே முன்கூட்டி அறிவிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். அங்க நகராட்சி என்னதான் பண்ணுச்சு, நாம அத எடுத்துக்க முடியுமா?

பதில்: தம்பி, இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா உள்ளூர் நிர்வாகம் ரூல் போட்டு அணை தண்ணிய காப்பாத்துனதுக்கு இதவிட தெளிவான உதாரணம் எனக்கு தெரியல.

தென்னாப்பிரிக்கால இருக்குற கேப் டவுன் சுமார் 40 லட்சம் பேர் வாழுற ஊர். குடிக்கிறது பெரும்பாலும் 6 அணைங்களோட தண்ணி, அதுல பெருசு தீவாட்டர்ஸ்க்ளூஃப். 2015ல இருந்து தொடர்ந்து மூணு வருஷம் மழை பொய்ச்சுது. அவங்ககிட்ட லெவல் முறை இருந்துச்சு, நம்ம கரன்ட் பில் ஸ்லாப் மாதிரி, அணை மட்டம் இறங்க இறங்க அடுத்த லெவல் ரூல் வரும், என்னென்ன செய்யலாம் செய்யக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் பட்டியல் போட்டு வெளில விட்டுடுவாங்க. 2017 நடுவுல லெவல் 4, ஆளுக்கு தினம் 100 லிட்டர், அடுத்து 87 லிட்டர். 2018 பிப்ரவரி 1ல இருந்து லெவல் 6பி, ஆளுக்கு 50 லிட்டர். குடிநீர்ல தோட்டத்துக்கு பாய்ச்சக்கூடாது, கார் கழுவக்கூடாது, நீச்சல் குளம் நிரப்பக்கூடாது. மாசம் 10,500 லிட்டருக்கு மேல போற வீட்டுங்க மேல முதல்ல நடவடிக்கை, அபராதம், இல்லன்னா மீட்டர் பக்கத்துல ஒரு கருவி மாட்டிடுவாங்க, அது அன்னைக்கு அளவு முடிஞ்சா தானா அடைச்சுக்கும். கட்டணமும் அதிகம் செலவு பண்றவங்களுக்கு மளமளன்னு ஏறும்.

இதுக்கெல்லாம் மேல ஒரு எண்ண மக்கள் கண்ணு முன்னாடி வச்சாங்க. அணைங்கள்ல மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்குனா வீட்டுக் குழாய அடைச்சுடுவோம், அப்புறம் 200 இடத்துல வரிசைல நின்னு ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கணும், அந்த நாளுக்கு பேரு டே ஜீரோ, இன்னைக்கு செலவு ஆகுற வேகத்துல அது இந்த தேதில வரும்னு சொல்லிட்டே இருந்தாங்க. முதல்ல ஏப்ரல்னு இருந்துச்சு, ஜனங்க குறைக்க குறைக்க மே, ஜூன், ஜூலைன்னு தள்ளிப் போய் கடைசில அந்த வருஷம் வரவே இல்ல. முன்னாடி தினம் 120 கோடி லிட்டர் செலவு பண்ண ஊர் 50 கோடி பக்கம் வந்துச்சு. விவசாயிங்களுக்கு போற தண்ணியயும் கடுமையா வெட்டுனாங்க, அதுலயும் க்ரோன்லாண்ட் பகுதி ஆப்பிள் விவசாயிங்க அவங்க அணைல மிச்சம் இருந்த 1,000 கோடி லிட்டர ஊருக்கு விட்டுக் குடுத்தாங்க. ஜூன்ல மழை வந்துச்சு. அப்புறமும் உடனே ரூல தூக்கிப் போடல, அக்டோபர்ல 70 லிட்டர், டிசம்பர்ல 105 லிட்டர்னு படிப்படியாதான் தளர்த்துனாங்க, இந்த கடைசி விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, நம்ம ஊர்ல முதல் மழை பெஞ்ச உடனே எல்லாம் மறந்துடுது.

நாம அப்படியே எடுத்துக்க முடியுமான்னா, முடியாது. அங்க வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கு, இங்க சென்னைல பெரும்பாலான வீட்டுல மீட்டர் கிடையாது, மாசம் இவ்ளோன்னு ஒரே கட்டணம், பத்து குடம் பிடிச்சாலும் சம்ப் நிறையுற அளவு பிடிச்சாலும் ஒண்ணுதான். அளக்காத தண்ணிக்கு எப்படி அளவு வைக்கிறது? இன்னொண்ணும் சொல்லணும். அங்கயே குடிசைப் பகுதி ஜனங்க தெருக் குழாய்ல பிடிச்சு முன்னாடியே ரொம்ப கம்மியாதான் வாழ்ந்தாங்க, நீச்சல் குளம் வச்சிருந்தவங்களுக்குதான் 50 லிட்டர் புதுசு. 2019 சென்னைல 52.5 கோடி லிட்டர 2011 கணக்குப்படி 67 லட்சம் பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 78 லிட்டர் வருது, கேப் டவுனவிட ஜாஸ்தி. ஆனா வியாசர்பாடில அடிபம்பு முன்னாடி நின்னவங்களுக்கு அந்த 78 வந்துச்சா? ரூல் போடுறப்போ எல்லாருக்கும் ஒரே சதவீதம் வெட்டுனா இல்லாதவங்க வயித்துல அடிக்கிற மாதிரி ஆயிடும், அதனால மேல இருந்து வெட்டணும், அதுக்கு மீட்டர் வேணும். ஆனா மீட்டர் வர்ற வரைக்கும் கூட ஏரி இருப்போட சேர்த்து கட்டுன லெவல் அட்டவணைய நாளைக்கே வெளியிடலாம் தம்பி, அதுக்கு பைசா செலவு இல்ல. வாரியம் ஏரி இருப்ப தினம் வெப்சைட்ல போடுது, பக்கத்துல இன்னும் ஒரு வரி, இந்த இருப்புக்கு இந்த லெவல்னு, அவ்ளோதான்.

கேள்வி (வாசகர், ஓசூர்): பெங்களூர்ல கார் கழுவுனா 5,000 ரூபா ஃபைன் போட்டாங்களே, அது சட்டப்படி செல்லுமா? நம்ம ஊருக்கும் வருமா?

பதில்: செல்லும். 2024 மார்ச்ல அங்க இருக்குற குடிநீர் வாரியம் 1964ஆம் வருஷ வாரியச் சட்டத்த வச்சு போட்ட உத்தரவு அது. கார் கழுவ, செடிக்கு ஊத்த, கட்டட வேலைக்கு, அலங்கார நீரூற்றுக்கு குடிநீர் கூடாது, மீறினா 5,000 ரூபா, திரும்பவும் பண்ணா தினம் 500 சேர்த்து. சில நாள்லயே 22 வீட்டுக்கு அபராதம் போட்டு 1.1 லட்சம் வசூல் பண்ணாங்க. ஆனா அங்கயும் போர் வத்தி, லாரி விலை ஏறி, ஐடி கம்பெனிக்காரங்க ஊருக்கு கிளம்புன பிறகுதான் உத்தரவு வந்துச்சு. நம்ம பக்கம், 2020 அக்டோபர்ல மத்திய நிலத்தடி நீர் ஆணையம் நாடு முழுக்க உள்ளாட்சிங்க குடிநீர் வீணாகாம தடுக்க ஏற்பாடு பண்ணணும்னு உத்தரவு போட்டிருக்கு, அதனால ஓசூர் மாநகராட்சி ஏன் அபராத விதி வைக்கலன்னு நீங்க தாராளமா மனு குடுக்கலாம்.

கேள்வி (வாசகி, குன்றத்தூர்): கோடைல தண்ணி இல்லன்னு அழுறோம், மழைக்காலத்துல செம்பரம்பாக்கத்த நிரம்ப விடாம தொறந்து விடுறாங்க. இது எந்த ஊரு நியாயம்?

பதில்: உங்க கோவம் புரியுது, ஆனா இதுல அதிகாரிங்க பக்கமும் நியாயம் இருக்கு. செம்பரம்பாக்கம் முழு உயரம் 24 அடி. 2015 டிசம்பர் 1 ராத்திரி ஏரி ரொம்பி இருந்த நேரத்துல பேய் மழை, வினாடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டி வந்து அடையாறு ஓரம் எத்தன உயிர் போச்சு, எத்தன வீடு போச்சு. அதுக்கு அப்புறம்தான் மழை உச்சத்துல 21, 22 அடிலயே நிறுத்தி வைக்கிறாங்க, மிச்சம் இரண்டு மூணு அடி வெள்ளத்துக்கான இடம். அத காலியா வைக்கிறது தப்பு இல்ல. டிசம்பர் கடைசில மழை ஓயுறப்போ அந்த இரண்டு மூணு அடிய மறக்காம நிரப்பிக்கிறாங்களா, தொறந்த தண்ணி மொத்தமும் கடலுக்குதான் போகணுமா, இததான் நாம கேக்கணும். பூண்டில ரொம்பி வழியுற தண்ணி கொசஸ்தலையாறு வழியா எண்ணூர்ல கடல்ல கலக்குது. போற வழில தடுப்பணை, ஊர் ஏரிக்கெல்லாம் வரத்துக்கால்வாய் தூர் வாரி வச்சிருந்தா அதுல கொஞ்சமாவது நிலத்துல நிக்கும். 2020ல திறந்த தேர்வாய் கண்டிகை ஏரி 500 மில்லியன் கன அடி பிடிக்கும், புதுசா இடம் உண்டாக்குனா அது நல்லது, ஆனா இருக்குற ஏரிய வாரி ஆழப்படுத்துறது அதவிட சீக்கிரம் நடக்குற வேலை.

கேள்வி (விவசாயி, காட்டுமன்னார்கோவில்): எங்க வீராணம் ஏரி தண்ணிய 235 கிலோமீட்டர் குழாய் போட்டு சென்னைக்கு கொண்டு போறாங்க. வறட்சி வந்தா எங்க பயிருக்கா, அவங்க குடத்துக்கா, யாருக்கு முதல்ல?

பதில்: ஐயா, எந்த கொள்கைய எடுத்தாலும் குடிநீர்தான் முதல்ல, தேசிய நீர்க் கொள்கையும் அததான் சொல்லுது. ஆனா குடிக்கிற தண்ணிக்கு முதலிடம்னா நகரத்துல செலவாகுற எல்லா தண்ணிக்கும் முதலிடம்னு அர்த்தம் இல்ல. வீராணம் 1,465 மில்லியன் கன அடி, ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் அத நம்பி இருக்கு, கீழணைல இருந்து வடவாறு வழியா வர்ற தண்ணி உங்க பாட்டன் முப்பாட்டன் காலத்து உரிமை. 2004ல இருந்து சென்னைக்கு தினம் 18 கோடி லிட்டர் போக வழி பண்ணாங்க. சென்னைல சோறு பொங்குறதுக்கும் குடிக்கிறதுக்கும் நீங்க குடுக்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு எனக்கு தெரியும். அதே சமயம் தொழிற்சாலைக்கு சுத்திகரிச்ச கழிவுநீர் போதும், வட சென்னை மணலில இருக்குற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990கள்ல இருந்தே அப்படிதான் ஓடுது, கோயம்பேட்டுலயும் கொடுங்கையூர்லயும் தினம் 4.5 கோடி லிட்டர் எடுக்குற ஆலை ஒவ்வொண்ணு வந்திருக்கு. நெம்மேலி, மீஞ்சூர்ல கடல் தண்ணிய குடிநீராக்குறாங்க. இதெல்லாம் முழுசா ஓடுன பிறகுதான் ஏரில கை வைக்கணும்ங்கிற வரிசைய எழுத்துல கேளுங்க, அப்படி கேக்குறதுக்கு முழு நியாயம் உங்களுக்கு இருக்கு.

கேள்வி (வாசகர், திருவள்ளூர் மாவட்டம்): ஏரி வத்துனா எங்க ஊர் கிணத்துல ராத்திரி பகலா லாரி லோடு அடிக்குது. இதுக்கு தடை இல்லையா?

பதில்: இருக்கு. 1987ல சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு, சென்னையும் சுத்தி இருக்குற பட்டியல் கிராமங்களும் அதுல வரும். வீட்டுத் தேவைக்கு மேல எடுக்க லைசென்ஸ் வேணும், லாரில ஏத்திட்டு போக தனி லைசென்ஸ் வேணும், கிராமத்துல வருவாய்த்துறை அதிகாரிதான் அத குடுக்குறது. மாநிலம் முழுக்க 2003ல ஒரு சட்டம் போட்டு அத 2013ல ரத்தே பண்ணிட்டாங்க, அந்த ஓட்டை இன்னும் வலிக்குது. முதல்ல உங்க கிராமம் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா எந்தெந்த கிணத்துக்கு லைசென்ஸ், எவ்ளோ லிட்டர்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, மார்ச் 22 தண்ணீர் தின கிராம சபைல தீர்மானமா வைங்க. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சி கடல் தண்ணி நிலத்தடில பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு, அந்த கிணறுங்க திரும்ப இனிப்பாக தலைமுறை ஆகும். உங்க ஊருக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

கேள்வி (வாசகி, கோவை): சிறுவாணில தண்ணி இருந்தும் எங்களுக்கு ஏன் பத்து நாளுக்கு ஒரு தடவ?

பதில்: அணை கேரளால பாலக்காடு மாவட்டத்துல இருக்கும்மா. முழு உயரம் 49.5 அடி, பாதுகாப்பு காரணம் சொல்லி 45 அடிக்கு மேல நிறுத்த விடுறது இல்ல. அந்த நாலரை அடிதான் கோடைல உங்களுக்கு இடிக்குது. இத மாநகராட்சி தனியா தீக்க முடியாது, இரண்டு அரசும் பேசணும்.

கேள்வி (வாசகர், தேனி): ஆவியாகுறத தடுக்க 2017ல வைகை அணைல தெர்மாகோல் விட்டாங்களே, அந்த மாதிரி வழி உலகத்துல வேற எங்கயும் இல்லையா?

பதில்: அணைங்கள்ல ஆவியா போறது பெரிய இழப்புதான், அந்த கவலை நியாயமானது. தெர்மாகோல் எடை இல்லாததால காத்துல கரை ஒதுங்கிடுச்சு. லாஸ் ஏஞ்சலஸ்ல 2015ல ஒரு நீர்த்தேக்கத்துல 9.6 கோடி கறுப்பு பந்து விட்டாங்க, உள்ள கொஞ்சம் தண்ணி இருக்குறதால பறக்காது. ஆனா அது வெயில் பட்டு தண்ணில கெட்ட ரசாயனம் உண்டாகாம இருக்கதான் முக்கியமா விட்டது, அதுவும் சின்ன தேக்கம். வைகை அளவுக்கு கட்டுப்படியாகாது.

கேள்வி (குடியிருப்போர் சங்க செயலாளர், மடிப்பாக்கம்): ஒருத்தர் குழாய்ல நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுறார். தட்டுப்பாடு வந்தா சங்கமா நாங்க என்ன விதி வைக்கலாம்?

பதில்: மெயின் லைன்ல நேரா மோட்டார் வைக்கிறது எந்த ஊர்லயும் குத்தம், கனெக்‌ஷன துண்டிச்சு மோட்டார பறிமுதல் பண்ணலாம். பக்கத்து வீட்டு தண்ணிய திருடுறது ஒரு பக்கம் இருக்கட்டும், வேகமா இழுக்குறப்போ குழாய்ல ஓட்டை இருந்தா வெளில நிக்கிற சாக்கடையும் உள்ள வந்துடும், தெருவுக்கே வயித்துப்போக்கு வரும். முதல்ல அவர்கிட்ட இத சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா டெப்போல எழுதி குடுங்க.

சங்க விதின்னா, காலைல ஒரு மணி நேரம் சாயந்தரம் ஒரு மணி நேரம்னு மேல்நிலைத் தொட்டி வால்வ திறக்குறது 2019ல பல குடியிருப்புல பலன் குடுத்துச்சு. ஆனா வீட்டுல வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா தனியா ரெண்டு குடம் ஒதுக்குற ஏற்பாடு கட்டாயம் வேணும். லாரி தண்ணி செலவ ஃபிளாட் கணக்குல பிரிக்காம மீட்டர் கணக்குல பிரிங்க, செலவு பண்றவங்க தானா குறைப்பாங்க. மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்து எல்லா கட்டடத்துக்கும் கட்டாயம், ஆனா முக்கால்வாசி இடத்துல குழியும் ஜல்லியும் சேறு அடைச்சு கிடக்கு. ஜல்லிய வெளில எடுத்து கழுவி திரும்ப போடணும், மொட்டமாடிய பெருக்கணும், பைப் கிணத்துக்குதான் போகுதா இல்ல யாராவது ரோட்டுக்கு திருப்பி விட்டிருக்காங்களான்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி பாக்கணும். பிளம்பர் செப்டம்பர்ல கிடைக்க மாட்டார், ஆகஸ்ட்லயே சொல்லி வைங்க.